உட்கார்ந்தபடி ஊக்குவிப்போர் சங்கம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான்கள் படு பத்திரமாக இருந்தன. சாமான் அறையின் சாவி டிரில் மாஸ்டரிடம். அறைக்குள் இருந்த பீரோவின் சாவி தலைமையாசிரியரிடம். பீரோவுக்குள் பந்துகள். பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு என்.சி.சி. அறையில். பம்பின் வாயில் சொருகுகிற ஊசி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் பழைய குமாஸ்தா. அவர் ரிட்டையராகிச் சங்கரன்கோவில் பக்கம் போய்விட்டார். குருவும் சனியும் ராகுவும் ஒரே கட்டத்தில் கூடினாலும் கூடலாம், இந்த நான்கும் ஒரே நாளில் ஓரிடத்தில் கூடாது.

கூடுகிற நாள் ஒன்று உண்டு. கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிற நாள். அன்று காலையிலேயே ஊசி எங்கிருந்தோ முளைக்கும். பந்துகள் வயிறு உப்பி வெளியே வரும். வெள்ளை நிஜார் வைத்திருக்கிற பையன்களாகப் பொறுக்கி எடுத்து மைதானத்தில் நிறுத்துவார்கள். ஆடத் தெரிய வேண்டியதில்லை; ஜீப் வாசலுக்குள் நுழையும்போது யாராவது ஒருவன் பந்தை உதைத்தால் போதும். ஜீப் திரும்பிப் போனதும் பந்தும் பீரோவுக்குத் திரும்பிவிடும். இருப்புப் பதிவேட்டில் ‘கால்பந்து 4, கைப்பந்து 3, ரிங் 6, அனைத்தும் நல்ல நிலையில்’ என்று எழுதிக் கையெழுத்தாகும். அதில் பொய்யே கிடையாது. தொட்டால்தானே கெடும்?

இதற்காக டிரில் மாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய கல்லூரி அது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் வாங்கியது. அதே பக்தான் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துக்கொண்டு போனவர். “நான் நந்தனத்துல படிச்சவம்லே” என்று மாஸ்டர் சொல்லும்போதே நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும். எலும்பையும் தசையையும் பாடமாகப் படித்துவிட்டு வந்த அந்த மனிதரிடம் பள்ளி ஒப்படைத்த வேலைகள் வேறு. காலை வழிபாட்டில் வரிசை பிடிக்க வேண்டும். முடிவெட்டாமல் வந்தவனைக் காதைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். சுதந்திர தினத்தன்று கொடிக்கயிறு சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு விழாவென்றால் மைக் செட்காரனுடன் சண்டை போட வேண்டும். தடுப்பூசி போட நர்ஸம்மா வரும்போது சுவரேறித் தப்புகிற பையன்களைத் துரத்திப் பிடிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் முறையாக நடந்த ஓட்டப் போட்டி இந்தக் கடைசியில் சொன்னது மட்டும்தான். அதில் மாஸ்டர் தோற்று நான் பார்த்ததில்லை.

நாங்கள் விளையாடாமல் வளர்ந்தோம் என்று இதற்கு அர்த்தமில்லை. பரீட்சை அட்டைதான் மட்டை. கசக்கிய காகிதத்தின் மேல் சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டினால் பந்து. சடுகுடு, கிட்டிப்புள், பச்சைக்குதிரை, கோலி எல்லாம் உண்டு. கோலிக்கு ஓர் அடி, கிட்டிப்புள்ளுக்கு இரண்டு அடி என்று ஆசிரியர்கள் கட்டணம் நிர்ணயித்திருந்தார்கள், செலுத்திவிட்டு ஆடினோம். மழை பெய்தால் வகுப்புக்குள் புத்தகக் கிரிக்கெட். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால் பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். வரலாற்றுப் புத்தகத்தை நான் அதிகம் திறந்தது அதற்காகத்தான். யாரும் எங்களை ஊக்குவிக்கவில்லை, தடுத்தார்கள். ஊக்குவிப்பு என்கிற சங்கதி என் மகள் காலத்தில்தான் வந்தது. அது வந்ததிலிருந்து பிள்ளைகள் விளையாடுவது குறைந்துவிட்டது.

மகள் படிப்பது சென்னைப் புறநகரில் ஒரு பள்ளியில். எட்டாம் வகுப்பு. தயான் சந்த் பிறந்த ஆகஸ்ட் 29ஐத் தேசிய விளையாட்டு தினமாக அங்கே தவறாமல் கொண்டாடுகிறார்கள். 2019இல் அதே நாளில்தான் மத்திய அரசு ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கியது என்பதால் கொண்டாட்டம் இப்போது இரட்டிப்பு. காலை வழிபாட்டில் அத்தனை பிள்ளைகளும் வலது கையை நீட்டி, தினமும் உடலை அசைப்போம் என்று அசையாமல் நின்று உறுதிமொழி எடுப்பார்கள். அசைந்தவனுக்குத் திட்டு. பிறகு ‘விளையாட்டின் அவசியம்’ என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி. அதற்கு நேரம் வேண்டுமே? அன்றைய பி.டி. பீரியடை எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருடம் மகளுக்கு இரண்டாம் பரிசு. உட்கார்ந்தே இருப்பதன் தீமைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். நன்றாக உட்கார்ந்து யோசித்து எழுதிய பத்தி.

மற்ற நாட்களில் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்பவர் கணக்கு டீச்சர். ‘கடன் வாங்குவது’ என்று இதைச் சொல்கிறார்கள். திருப்பித் தருகிற உத்தேசம் துளியும் இல்லாததைக் கடன் என்று சொல்கிற பழக்கம் நம் குடும்பங்களில் ஏற்கெனவே இருப்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மாநிலத்தின் விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையேறி, தயவுசெய்து பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அரசாங்கமே கடன் வசூலில் இறங்கியும் வரவு பூஜ்யம்.

பெற்றோர் கூட்டத்தில் நான் டீச்சரிடம் பேசிப் பார்த்தேன். மகளுக்குக் கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

“மேடம், சீனாவுல குவாங்சூன்னு ஒரு ஊர். அங்க சில பள்ளிகள்ல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களை தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளியில விட்டாங்க. சில பள்ளிகள்ல வழக்கம்போல விட்டுட்டாங்க. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வழக்கம்போல இருந்த பள்ளிகள்ல நூத்துக்கு ஏறக்குறைய 40 பேருக்குக் கிட்டப்பார்வை. வெளியில போன பள்ளிகள்ல 30 பேருக்குத்தான். 2015லயே ஆய்வா வந்திருக்கு.”

டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “அந்த 40 நிமிஷப் போர்ஷனை யார் சார் முடிச்சாங்க?”

சீனாக்காரர்கள் இதை எங்கேயாவது எழுதி வைத்திருக்கலாம். எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

பள்ளியில் கிடைக்காதது சாயங்காலம் வீட்டில் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் எங்கள் அடுக்ககத்துக்கு வரலாம். நுழைந்ததும் ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை வரவேற்கும். கீழ்த்தளம் கார்களுக்கு. மொட்டை மாடி சோலார் தகடுகளுக்கும் வடகத்துக்கும். சுற்றுப் பாதை பெரியவர்களின் வாக்கிங்குக்கு. ஐம்பது வயதில் சர்க்கரை இருந்தால் அதில் சுற்றலாம். பத்து வயதில் சைக்கிள் இருந்தால் சுற்றக் கூடாது. எங்கள் சங்கச் செயலாளர் வீட்டுக் கூடத்தில் கைகட்டி நிற்கிற விவேகானந்தர் படம் ஏறக்குறைய ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. 1897இல் சென்னையில் பேசியபோது, கீதையைவிடக் கால்பந்து உங்களைச் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்கிற பொருளில் இளைஞர்களிடம் சொன்னவர் அவர். ஒரு நாள் பையன்கள் உதைத்த பந்து செயலாளர் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போய், நேராக அந்தப் படத்துக்குக் கீழே நின்றது. சேர வேண்டிய முகவரிக்குத்தான் சேர்ந்திருக்கிறது. ஆனால் செயலாளர் பந்தைத் திருப்பித் தரவில்லை. பையன்கள் சார்பில் நான் தூது போனேன்.

“சார், சுவாமிஜியே ஃபுட்பால் ஆடச் சொல்லியிருக்கார்...”

“சொர்க்கத்துக்குப் போறதுக்குச் சொன்னார். ஜன்னல் கண்ணாடிக்குச் சொர்க்கத்துலேர்ந்து யார் வந்து பில் கட்டுவா?”

தூது அத்துடன் முடிந்தது. பந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. நல்ல நிலையில்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது. 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் கணக்கை எடுத்து 2019இல் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 81 பேருக்கு இந்த ஒரு மணி நேரம் கூடவில்லை. தென்கொரியப் பெண்பிள்ளைகளில் 97 சதவீதம் பேருக்குக் கூடவில்லை. இந்தியாவும் வங்கதேசமும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தேவலை. நமக்கு இப்படியொரு பெருமையா என்று நிமிர்ந்து உட்கார்ந்து மேலே படித்தேன். ஆய்வாளர்களுக்கும் ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்; காரணம் யோசித்திருக்கிறார்கள். இந்த நாடுகளில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதால் இருக்கலாம். பெண்பிள்ளைகள்? வீட்டுவேலை செய்வதால் இருக்கலாம்.

அதாவது நம் பையன்கள் மட்டை பிடித்துச் சேர்த்த மார்க்கும், நம் பெண்கள் துடைப்பம் பிடித்துச் சேர்த்த மார்க்கும் ஒரே பட்டியலில் ஏறி இந்தியாவின் மானத்தைக் காப்பாற்றியிருக்கின்றன.

இதைப் படித்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். எங்கள் தெருவில் அவளை ஓடிப் பிடித்தவர்கள் கிடையாது. எந்தப் பையனும் கிடையாது. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். பேப்பரில் வந்த படத்தை டிரில் மாஸ்டர் கத்தரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அக்காவைக் கூப்பிட்டு, “ஏட்டி, பாத்துக்கோ. இது நம்ம பக்கத்து ஊருப் புள்ள மாதிரிதான். நீயும் ஓடணும்” என்றார். அதே வருடம் அக்காவுக்குச் சடங்கு சுற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் கடைக்கு வேகமாக நடந்தால்கூட அம்மா வாசலில் நின்று சத்தம் போடுவாள்: “ஏட்டி, பெரிய பி.டி. உஷான்னு நெனப்போ? மெதுவா போ.” நாட்டின் ஆகச் சிறந்த ஓட்டக்காரியின் பெயரை, ஓடுகிற பெண்களை நிறுத்துவதற்குப் பயன்படுத்திய தேசம் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். அக்கா ஓட்டத்தை விட்டாள். குழாயடியிலிருந்து குடம், ஆட்டுக்கல்லில் மாவு, ஆற்றில் துணி என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன 60 நிமிடத்தைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்தாள்.

போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பவே சொல்லியிருந்தா குடத்துக்கு ஒரு மெடலாவது கேட்டிருப்பேம்லா” என்றாள். இன்றைக்கும் நகர்கிற டவுன் பஸ்ஸில் ஓடி ஏறுகிறவள். டிரில் மாஸ்டர் இருந்திருந்தால் நேரம் குறித்திருப்பார்.

மகளின் பள்ளியில் நிலைமை மாறியிருக்கிறது. பெண்களுக்கும் டிராக் பேண்ட் உண்டு, டி-ஷர்ட் உண்டு. மைதானம்தான் இல்லை. இருப்பது பையன்களின் கிரிக்கெட்டுக்குப் போய்விட, மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் த்ரோபால் வலை ஒன்று. பந்து தொட்டிக்குள் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று அட்டவணை போட்டுச் சொன்னது. பள்ளியின் பளபளப்பான கையேட்டின் அட்டையில் மைதானம் பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கிறது. அந்தப் படத்தை எங்கே எடுத்தார்கள் என்று மகள் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

வசதி உள்ளவர்கள் அகாடமிக்கு அனுப்புகிறார்கள். நாங்களும் கோடை விடுமுறையில் பேட்மின்டனுக்கு அனுப்பினோம். மட்டை, தரையில் கோடு விழாத ஷூ, அதை வைக்க ஒரு பை, பையை வைக்க இன்னொரு பை என்று வாங்கி முடித்தபோது ஒலிம்பிக் கமிட்டியே நடத்திய களைப்பு. அங்கே ஆடுகிற பிள்ளைகளைவிட அதிகம் வியர்ப்பவர்கள் கேலரியில் உட்கார்ந்திருக்கிற அப்பாக்கள். “ஃபுட்வொர்க்! ஃபுட்வொர்க்!” என்று ஒருவர் கத்திக்கொண்டே இருப்பார். அவர் நாற்காலியிலிருந்து கால் எடுத்து நான் பார்த்ததில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கால்பந்து ஆடும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோர்களையும் பயிற்சியாளர்களையும் வைத்து, விளையாட்டில் குதூகலம் தருபவை எவையெவை என்று 81 விஷயங்களைப் பட்டியல் போட்டார்கள். முழு மூச்சாக ஆடுவது, கூட ஆடுகிறவர்களோடு ஒத்துப்போவது, அன்பாகச் சொல்லித்தருகிற பயிற்சியாளர் இவையெல்லாம் மேலே. ஜெயிப்பது 48ஆவது இடம். கேலரியில் இதை நான் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். “நாற்பத்தெட்டா? மோசம் சார், இன்னும் கோச்சிங் போடணும்” என்றார்.

இந்தக் கஷ்டமே வேண்டாம் என்கிறவர்கள் செஸ்ஸுக்குப் போகிறார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் எங்கள் அடுக்ககத்தில் மாடிக்கு ஒரு செஸ் வகுப்பு முளைத்தது. செஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எதிர்வீட்டு அம்மா அதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. “விழ மாட்டான், வெயில் படாது, சட்டை அழுக்காகாது, ஏ.சி. இருக்கு. விளையாட்டுன்னா இப்படியில்ல இருக்கணும்?” அந்தப் பையன் சதுரங்கப் பலகையில் குதிரையை நகர்த்துவதற்காக எட்டிக் கையை நீட்டுவான் பாருங்கள், அன்றைக்கு அவன் செய்கிற உடற்பயிற்சி அவ்வளவுதான்.

இனி விளையாட்டு விழா. பள்ளி வருடம் முழுக்க விளையாடாததற்குப் பிராயச்சித்தமாக ஒரே நாளில் நடத்துவது. இதற்கான அணிவகுப்பு ஒத்திகை பல வாரம் நடக்கும், பி.டி. பீரியட் கணக்கு டீச்சரிடமிருந்து மீட்கப்படுவது அந்த வாரங்களில் மட்டும். பெற்றோருக்கும் விருந்தினருக்கும் பந்தல். பிள்ளைகளுக்கு வெயில். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டிருப்பார்கள். கொடியேற்றம், தீபம், பலூன், வரவேற்புரை, ஆண்டறிக்கை. சிறப்பு விருந்தினர் மேடைப் படிக்கட்டு வரை காரில் வந்து இறங்கி, நடப்பதன் நன்மைகளைப் பற்றிப் பேசுவார். பேசி முடிப்பதற்குள் ஒன்றிரண்டு பிள்ளைகள் மயங்கி விழும். குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள். பிறகு போட்டி.

யார் ஓடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஏற்கெனவே ஓடத் தெரிந்தவர்கள். நூறு மீட்டரில் ஜெயித்தவனே இருநூறிலும் ஜெயிப்பான், நீளம் தாண்டுவதிலும் அவனே, தொடர் ஓட்டத்தில் கடைசிக் குச்சியும் அவன் கையில். முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் என்றால் அவன் வீட்டில் இந்நேரம் பாத்திரக்கடையே வைத்திருப்பார்கள். மற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளும், யாருக்கு ஓட்டம் மிகவும் தேவையோ அவர்களும், வெயிலில் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். அவர்களுடைய விளையாட்டு அதுதான். கண்ணாடி போட்டவன், குண்டாக இருப்பவன், ஒல்லியாக இருப்பவன், தும்முகிறவன் எல்லோரையும் கழித்துவிட்டு மீதியை ஊக்குவிக்கிறோம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறி ஒரு கால் நசுங்கிப்போன பையன் ஒருவன், பள்ளியில் மற்றவர்களோடு சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனைக் கழிக்காமல், நீ உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் அவனுடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்த இரண்டு பாராலிம்பிக்குகளிலும் பதக்கம். அந்த ஆசிரியருக்கு அன்றைக்குக் கொடிக்கயிறு சிக்கெடுக்கிற வேலை வராமல் போனது நம் அதிர்ஷ்டம்.

விழாவில் எனக்குப் பிடித்தது கடைசியில் வருகிற அப்பாக்கள் ஓட்டம். ஐம்பது மீட்டர். எல்லோரும் வேண்டாவெறுப்பாக, பிள்ளைகளின் கட்டாயத்துக்காக வருவதாகச் சொல்லிக்கொண்டே வந்து கோட்டில் நிற்பார்கள். விசில் ஊதியதும் நாகரிகம் பத்து மீட்டர் வரை தாங்கும். அதற்குப் பிறகு வங்கி மேலாளர் பல்லைக் கடிப்பார். ஃபுட்வொர்க் அப்பா நாற்பதாவது மீட்டரில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவருக்குச் சட்டைப் பையிலிருந்து செல்போன் விழ, திரும்பி ஓடி எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். ஓடிய தூரத்தின்படி பார்த்தால் முதல் பரிசு அவருக்குத்தான் நியாயம். ‘பங்கேற்பதுதான் முக்கியம், வெற்றி இல்லை’ என்று மேடையில் பெற்றோர் சார்பாகப் பேசியவர் எனக்கு முன்னால் ஓடியவரின் சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு நாலாவது இடம். மகள் ஓடி வந்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்பா, ஓடும்போது உங்க மூஞ்சி ஏன் அப்படி ஆச்சு?”

நாலாவது இடம் வந்ததாலோ என்னவோ, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் விளையாட்டு ஊக்குவிப்புக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். நீள மேசை, குஷன் நாற்காலி, சமோசா. ஒவ்வொரு கூட்டத்திலும் பிள்ளைகள் உட்கார்ந்தே இருப்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கவலைப்படுவோம். என் முறை வந்தபோது ஸ்காட்லாந்து கதையைச் சொன்னேன். ஸ்டெர்லிங் என்ற ஊரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளி. 2012 பிப்ரவரி. பிள்ளைகளுக்குத் தெம்பே இல்லை என்று பள்ளிக்கு வந்த பெரியவர் ஒருவர் சொல்ல, தலைமையாசிரியை எலெய்ன் வைலி ஒரு வகுப்பை மைதானத்தைச் சுற்றி ஓடிவரச் சொன்னார். ஒரு சுற்றிலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. அன்றிலிருந்து தினமும் 15 நிமிடம், போட்டிருக்கிற உடுப்போடு, வகுப்பாசிரியரே அழைத்துக்கொண்டு போய் ஓடவோ நடக்கவோ விட்டார்கள். போட்டி இல்லை, சாமான் இல்லை, பம்பு ஊசி வேண்டாம். சில வாரங்களில் பிள்ளைகள் ஒரு மைல் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். ‘டெய்லி மைல்’ என்று பெயர் வைத்து, இப்போது பல நாடுகளில் பள்ளிகள் செய்கின்றன.

குழு உற்சாகமாகிவிட்டது.

“நல்ல ஐடியா. இதுக்குத் தனி டி-ஷர்ட் போடணும்” என்றார் அச்சகம் வைத்திருப்பவர்.

“யூனிஃபார்மோட ஓடலாம்னுதான் சார் திட்டமே.”

“சரி, யூனிஃபார்முக்கு மேல போட்டுக்கட்டும்.”

“ஃபர்ஸ்ட் வர்றவங்களுக்கு என்ன பரிசு?” இது இன்னோர் அம்மா.

“இதுல ஃபர்ஸ்ட் கிடையாதுங்க.”

“பின்ன எதுக்கு ஓடணும்?”

கரஸ்பாண்டென்ட் தொண்டையைச் செருமினார். “தொடக்க விழா வைப்போம். யாரைக் கூப்பிடலாம்?”

தொடக்க விழா நடந்தது. டி-ஷர்ட் அச்சாகியிருந்தது, முதுகில் அச்சகத்தின் பெயர். ஒரு மைல் எவ்வளவு தூரம் என்பதை மூன்று பேர் விளக்கிப் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டதால் அன்றைக்கு யாரும் ஓடவில்லை. மறுநாள் பரீட்சை அட்டவணை வந்தது. திட்டம் அடுத்த கல்வியாண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இதையெல்லாம் குழுவில் யாரும் மூன்றாம் வகுப்பு மிஸ்ஸிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் பாட்டுக்கு மதிய இடைவேளைக்கு முன்னால் தன் வகுப்பை வேப்பமரத்தடியில் தொடங்கி, சைக்கிள் ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டி என்று சுற்றவிட ஆரம்பித்திருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் கூடவே. ஃபீஸ் கட்டப் போன ஒரு நாள் பார்த்தேன். ஒழுங்கு என்று எதுவும் இல்லை. ஒருவன் பின்பக்கமாக ஓடுகிறான். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். ஒருத்தி ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பறக்கிறாள். குண்டுப் பையன் ஒருவன் நின்று, மூச்சு வாங்கி, வேப்பம்பழம் ஒன்றைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடுகிறான். விசில் சத்தமே இல்லை.

விஷயம் கரஸ்பாண்டென்ட் காதுக்குப் போயிற்று. அனுமதி யார் கொடுத்தது என்று தொடங்கி, சரி நடக்கட்டும், ஆனால் முறையாகப் பதிவேடு வேண்டும் என்பதில் வந்து நின்றார். பெயர், சுற்றுகள், நேரம், தரவரிசை, குறிப்பு என்று கட்டம் போட்ட நோட்டு ஒன்று மிஸ்ஸின் மேசைக்கு வந்தது. அடுத்த குழுக் கூட்டத்தில் அந்த நோட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். பெயர்கள் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. தரவரிசைக் கட்டத்தில் எல்லாப் பெயருக்கும் நேராக ஒரே பதில்: ‘சாப்பிடப் போயாச்சு.’

அச்சகக்காரர் சிரித்தார். கரஸ்பாண்டென்ட் சிரிக்கவில்லை. இதை எப்படி ஆண்டறிக்கையில் போடுவது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மேசையின் கடைசியில் இருந்த ஒரு பாட்டி கையைத் தூக்கினார். பேத்தி மூன்றாம் வகுப்பு. மருமகளுக்கு ஆபீஸ் இருந்ததால் இவர் வந்திருந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும். இந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை என்ன பண்றீங்க? போன மாசம் வரைக்கும் கொடுத்த சோத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவருவா. இப்போ ரெண்டு டப்பா கேக்கறா. காலையில யார் எழுந்து ரெண்டு டப்பா கட்டறது?”

இதைப் பற்றி விவாதிக்க மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. சமோசா வந்தது.